அம்மை வீட்டுக் குழாய்

பஞ்சாயத்து போர்டின் குழாய் பிட்டர் இன்னாசி, தோளில் சாக்குப் பையும் பைக்குள் ஸ்பானருமாக வந்தவன், நாகராசு வீட்டு வாசலுக்கு நாலடி தள்ளியே நின்றுவிட்டான். நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. அவனுக்குப் பின்னால் சைக்கிளில் இருந்தபடி ஒரு காலை ஊன்றி நின்றவர் பில் கலெக்டர் ஆத்மநாதன். சித்திரை வெயில் ஊருணித் தெருவை வறுத்துக்கொண்டிருந்தது. முந்திரிக்காட்டுப் பக்கமிருந்து வந்த காற்றில் பழம் அழுகிய வாடை.

"வீட்டுல யாரு? நாகராசு இல்லையா?" என்றார் ஆத்மநாதன்.

கண்ணாத்தாள் நிலைக்கு உள்ளேயே நின்று பதில் சொன்னாள்.

"இருக்காக சார். பின்னால கொட்டகையில இருக்காக. வீட்டுக்குத் தாயி வந்திருக்கா. பிள்ளைக்கு எறங்கியிருக்கு."

"அழகிக்கா?"

"ஆமா சார்."

"தட்டம்மைதானே, சரியாப் போயிரும். நான் அதுக்கு வரலை. தண்ணி வரிக்குக் கெடு முடிஞ்சு போச்சு. பாக்கி வச்ச குழாயை எல்லாம் கட் பண்ணச் சொல்லி எங்க ஆபீசர் உத்தரவு போட்டுட்டாரு. ஒங்க வீடும் அதுல இருக்கு."

"காசு இருக்கு சார். இல்லாம இல்ல. கட்டுறதுக்குன்னு எடுத்து வச்ச அன்னைக்குத்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுச்சு. மூணாந் தண்ணி ஊத்துற வரைக்கும் எதையும் வெளியில குடுக்கக்கூடாது. ஊத்துன மறுநா மொத ஆளா வந்து கட்டிர்றோம்."

ஆத்மநாதன் கெட்டவர் இல்லை. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். நாலு பேரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வரி தண்டுகிற பிழைப்பு அவருக்கு. "நான் உள்ள வரலைம்மா. காசை வாசல்ல வச்சிட்டு அங்கிட்டுப் போங்க, நான் எடுத்துக்கிறேன்," என்றார்.

"வாசல்ல வச்சாலும் குடுத்ததுதானே சார்?"

ஆத்மநாதன் திரும்பி இன்னாசியைப் பார்த்தார். இன்னாசி வேப்பிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவன்தான். அதற்காக அம்மை வீட்டு வாசலில் பள்ளம் தோண்ட அவனுக்கும் மனசு வரவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கலாம் சார்," என்றான் அவன்.

"நாளைக்குச் சாயங்காலம். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல," என்று ஆத்மநாதன் பெடலை மிதித்தார். "கட் பண்ணிட்டா மறுபடி மனுப் போடணும், பார்த்துக்கங்க. மனு மேல போயித் திரும்பி வர்றதுக்குள்ள ஐப்பசி மழையே வந்துரும்."

எங்கள் பக்கத்தில் அம்மை இறங்கிய வீட்டிலிருந்து நெருப்பு, உப்பு, மோர், காசு எதுவும் படி தாண்டாது. பிச்சைக்காரன்கூட வேப்பிலையைக் கண்டால் கேட்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். வந்திருப்பவள் ஒரு விருந்தாளி. அவள் இருக்கும்போது பொருளை வெளியே அனுப்பினால் அவளையே கழுத்தைப் பிடித்துத் தள்ளின மாதிரி. அவள் கோபித்துக்கொண்டால் பிள்ளையைத்தான் பிடிப்பாள். மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பச்சரிசியும் வெல்லமும் சேர்த்துத் துள்ளுமாவு இடித்து வைத்து, மரியாதையாக அனுப்பிய பிறகுதான் எல்லாம். பி.ஏ. படித்தவர் வீட்டிலும் இதுதான் நடைமுறை. இதில் யாரும் யாரையும் கேலி செய்ததில்லை.

கண்ணாத்தாள் வரிப் பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து, சாமி மூலையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்புக்கு அடியில் வைத்திருந்தாள். செம்பு கசிந்து நோட்டுகள் எல்லாம் மஞ்சள் ஏறிப் போயிருந்தன. கடலைக்காரச் செட்டியார் உடைத்துத் தரச் சொல்லி இறக்கியிருந்த விதைக்கடலை மூட்டையும் அதே மூலையில் பிரிக்காமல் கிடந்தது. மிஷினில் விட்டால் பருப்பு முனை முறியும் என்று விதைக்கு மட்டும் கையால்தான் உடைப்பார்கள். கோடை முழுவதும் அந்த வேலைதான் அவளுக்குச் சில்லறை. இப்போது அதையும் தொடக்கூடாது.

அந்தக் குழாயின் கதையைச் சொல்லியாக வேண்டும். கடலை மில்லில் மூட்டை தூக்குகிறவன் வீட்டுக்குள் குழாய் எதற்கு என்று தெருவில் பேசாத வாய் இல்லை. நாங்களும்தான் பேசினோம். ஊருணி வற்றிவிட்டால் முந்திரிக்காட்டுக் கிணற்றுக்குத்தான் போக வேண்டும். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம், காலடியில் கொதிக்கிற செம்மண். அழகிக்குப் பிறகு கண்ணாத்தாள் வயிற்றில் உண்டான இரண்டுமே கோடையில் உண்டாகிக் கோடையிலேயே போய்விட்டன. "இனிமே இவ குடந் தூக்குனா என்னையக் கூப்பிடாதீக," என்று மருத்துவச்சி முனியாயி கையை உதறிவிட்டுப் போனாள். போர்டில் உயரமான தொட்டி கட்டி, வேண்டியவர்கள் வீட்டுக்குக் குழாய் இழுத்துக்கொள்ளலாம் என்று தமுக்கு அடித்தபோது, கண்ணாத்தாள் காதில் கிடந்ததைக் கழற்றிப் புருசன் கையில் வைத்தாள். முற்றத்தில் முதல் தண்ணீர் விழுந்த அன்றைக்கு அவள் குழாய்க்குக் குங்குமம் வைத்தது தெருவுக்கே தெரியும். இப்போது அவளுக்கு மறுபடி மாசம்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில், பின்கட்டுக் கொட்டகையில் புருசனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டார்கள். சண்டை என்று சொல்ல முடியாது. அம்மை வீட்டில் சத்தம் போடக்கூடாது என்பதால் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் ஒருவரை ஒருவர் குத்தினார்கள்.

"குடுத்துருவோம் கண்ணாத்தா."

"குடுக்கப்படாது."

"சர்க்கார் காசு அது. நம்ம என்ன கடனா குடுக்குறோம், தானமா குடுக்குறோம்?"

"யாருக்குக் குடுத்தா என்ன? படி தாண்டுதுல்ல?"

"சரி, எங்க அக்காவைக் கட்டச் சொல்லுவோம். அது அக்கா வீட்டுக் காசு. நம்ம காசு இல்ல."

"மதினி எதுக்குக் கட்டுவாக? நமக்காகத்தானே? நம்ம பேருக்குத்தானே ரசீது போடுவான்? ஆத்தாளுக்குத் தெரியாதா? அவ என்ன போர்டு ஆபீசு கிளார்க்கா, ரசீதைப் பார்த்து ஏமாறுறதுக்கு?"

நாகராசு கொஞ்ச நேரம் கையில் இருந்த கயிற்றுத் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"குழாய் போச்சுன்னா முந்திரிக்காட்டுக் கிணத்துக்கு யாரு நடக்குறது?"

"நான் நடக்குறேன்."

"நடந்துதானே ரெண்டைக் கொண்டு போயிப் புதைச்சோம்?"

அவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகு அவனுக்கே தெரிந்தது. அவள் எழுந்து உள்ளே போய், பிள்ளைக்கு வேப்பங்கொத்தால் விசிற ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அழகிக்கு உடம்பு லேசாக இருந்தது. முகத்தில் இருந்த தடிப்புகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. நுங்கு வேண்டும் என்று கேட்டாள். பச்சரிசிக் கஞ்சி இரண்டு மடக்கு இறங்கியது. கண்ணாத்தாள் முகம் தெளிந்து, பிள்ளை தலைமாட்டிலேயே கண் அசந்தாள். தூங்கி நாளாகியிருந்தது.

நாகராசு அப்போதுதான் அதைச் செய்தான். பிள்ளைக்குத்தான் குறைந்துவிட்டதே, இன்னும் ஒரு தண்ணீர்தானே பாக்கி, தாய் மலையேறப் போகிற நேரம்தானே என்று மனசை ஒப்பேற்றிக்கொண்டான். முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை எடுத்துக்கொண்டு, வெறும் துணியைத் திருப்பி முடிந்து செம்புக்கு அடியில் வைத்தான். கொல்லைப் பக்கம் முள்வேலிக்கு அப்பால் அக்கா ராசாத்தி நின்றுகொண்டிருந்தாள். வேலிக்கு மேலாகக் கை நீட்டிக் கொடுத்தான்.

"அவளுக்குத் தெரியுமாடா தம்பி?"

"தெரியாது. நீ சொல்லிராதக்கா. போயிக் கட்டிட்டு ஒன் வீட்டுக்குப் போயிரு. ரசீதை நீயே வச்சுக்க."

ராசாத்தி போனாள், கட்டினாள். அந்த வகையில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

உச்சி வெயிலுக்குப் பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் திரும்பியது. முதலில் வந்ததைப் போல் இல்லை. உடம்பு அனல் அடித்தது, விலா எலும்பு தெரிய மூச்சு வாங்கியது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கண்ணாத்தாள் ஈரத் துணி போட்டாள், சாமி மூலையில் விழுந்து கும்பிட்டாள், என்ன குறை வைத்தேன் என்று கேட்டாள். வீட்டில் தாளிக்கவில்லை, தலை வாரவில்லை, யாரையும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. என்ன குற்றம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நாகராசு கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆத்மநாதன் தெருவழியே சைக்கிளில் போனார். மனுசர் நல்ல மனசோடு, இறங்காமலே, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்னம்மா, கட்டிட்டீங்க போலருக்கு! ஆபீஸ்ல பார்த்தேன். இனி பயமில்ல, இன்னாசி வரமாட்டான்!"

சைக்கிள் மணி தெருக்கோடியில் கேட்டு அடங்கியது. கண்ணாத்தாள் நேராகச் சாமி மூலைக்குப் போய், செம்பை நகர்த்தி, துணியை எடுத்தாள். முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூட்டை வாய் கட்டுகிறவன் போடுகிற முடிச்சு அது. அவள் போட்டதில்லை. அவிழ்க்காமலே கீழே வைத்தாள்.

"எப்பக் குடுத்தீங்க?"

"காலையில. அக்காகிட்ட."

"பிள்ளை கஞ்சி குடிச்சதுக்குப் பெறகா?"

"ஆமா."

"அவ பொழைச்சு எந்திரிக்கிற நேரத்துல."

"கண்ணாத்தா, காய்ச்சல் திரும்புறது உண்டு. மில்லு மேஸ்திரி மகனுக்கும் இப்படித்தான்..."

"ஆஸ்பத்திரிக்காரன் பேச்செல்லாம் எங்கிட்டப் பேசாதீங்க."

"என் பிள்ளை இல்லையா அவ? வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செஞ்சீங்களா, தெரியாமச் செஞ்சீங்களான்னு அவ கேக்க மாட்டா." கண்ணாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நான் போயி வாங்கிட்டு வாரேன்."

"எதை?"

"குடுத்ததை."

நாகராசுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் வழியை மறித்தான். "கட்டுன வரியை எவன் திருப்பித் தருவான்? பைத்தியமா ஒனக்கு? மாசமா இருக்குறவ, இந்த வெயில்ல... குழாயைக் கட் பண்ணிருவாங்க கண்ணாத்தா."

"பண்ணட்டும். தள்ளுங்க."

"நான் போறேன். நான் போயிக் கேக்குறேன்."

"நீங்க போயி என்னத்தக் கேப்பீங்க? இங்கேயே இருங்க. மதினியைக் கூப்பிட்டு விசிறச் சொல்லுங்க." படி தாண்டும்போது திரும்பி ஒன்று சொன்னாள். "பிள்ளையத் தொட்டுறாதீங்க."

அடித்திருந்தால்கூட நாகராசு தாங்கியிருப்பான். அவள் போன பிறகு வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தான் என்று ராசாத்தி பிறகு சொன்னாள்.

போர்டு ஆபீஸ் கடைத்தெருக் கோடியில் ஓட்டுக் கட்டிடம். கண்ணாத்தாள் உள்ளே போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே, மண்ணில் நின்றாள். தலை விரிந்து கிடந்தது, இடுப்பில் ஒரு வேப்பங்கொத்து செருகியிருந்தது. வரி கட்ட நின்ற இரண்டு பேர் அவளைப் பார்த்துவிட்டு மெதுவாக அங்கிட்டு ஒதுங்கினார்கள்.

"காலையில ராசாத்தின்னு ஒருத்தி கட்டுன காசைத் திருப்பிக் குடுங்க," என்றாள்.

பணம் வாங்குகிற கிளார்க் தலையைத் தூக்கினார். "என்னது?"

"தண்ணி வரிக் காசு. ஊருணித் தெரு நாகராசு வீடு. அது எங்க வீட்டுக் காசு. திருப்பிக் குடுங்க."

கிளார்க்குக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே மேஜையில் இருந்த எக்ஸிகியூட்டிவ் ஆபீசர் என்ன சத்தம் என்று எழுந்து வந்தார். விசயத்தைக் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கட்டின வரியைத் திருப்பிக் குடுக்கச் சட்டத்துல எடமே கெடையாதும்மா. அதிகமாக் கட்டியிருந்தா அடுத்த தவணையில கழிக்கலாம். அவ்வளவுதான்."

"சட்டத்தை நீங்களே வச்சுக்கங்க சார். எங்க காசை மட்டும் குடுங்க. வேணும்னா குழாயைக் கட் பண்ணிக்கங்க."

"இது என்ன கடையா, பண்டம் பிடிக்கலைன்னு திருப்பிக் குடுக்குறதுக்கு? காரணம் என்ன?"

அதுவரை அழாதவள் அங்கேதான் அழுதாள். "எம் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு சார். தாயி இருக்குற வீட்டுலேருந்து காசு வெளியில வந்துருச்சு. பிள்ளை மூச்சு வாங்குது. மஞ்சத் தண்ணியில கெடந்த நோட்டு அது. பாருங்க, உங்க பொட்டியிலதான் இருக்கும்."

கிளார்க் சிரிப்பை நிறுத்தினார். பெட்டியைத் திறந்தார். மேலாகவே கிடந்தன, மஞ்சள் பூத்த நோட்டுகள். தம் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். எச்சில் தொட்டு நோட்டு எண்ணுவது அவர் பழக்கம். அன்றைக்குக் காலையிலும் அந்த விரலால், அந்த எச்சிலால்தான் எண்ணியிருந்தார். வீட்டில் அவருக்குக் கைக்குழந்தை.

"சார்," என்றார் ஆபீசரிடம். குரல் வேறு மாதிரி இருந்தது. "குடுத்துரலாம் சார்."

"என்னய்யா பேசுற? ரூல்ஸ்?"

"இன்னும் பாங்கிக்கு அனுப்பல சார். கணக்கும் முடிக்கல. ரசீதைக் கேன்சல் போட்டுரலாம். இது இங்க இருக்கவேண்டாம் சார்."

ஆபீசர் பெட்டியைப் பார்த்தார், பிறகு அவரும் ஒரு அடி பின்னால் போனார். சற்று முன்பு சட்டத்தில் இல்லாத இடம் இப்போது எங்கிருந்து வந்ததோ! கிளார்க் அளவுகோலால் நோட்டுகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி, பழைய தாள் ஒன்றில் தள்ளி, ஜன்னல் கட்டையில் வைத்தார். கண்ணாத்தாள் எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

தோற்றுப்போனதாக ஆபீசருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கறாராகச் சொன்னார். "அப்படின்னா வரி பாக்கிதான். கெடுவும் முடிஞ்சாச்சு. ஆத்மநாதன், பிட்டரை அனுப்புங்க."

ஆத்மநாதன் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்திருந்தார். யார் வாயால் இது வெடித்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது. "அம்மா, எனக்குத் தெரியாம..." என்று தொடங்கினார்.

"ஒங்க மேல ஒண்ணும் இல்ல சார்," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

இன்னாசி அவள் பின்னாலேயே வந்தான். வாசலுக்கு வந்ததும், "தண்ணி விடுற நேரந்தான் தங்கச்சி. இருக்குற பாத்திரத்தை எல்லாம் நெறைச்சுக்க. நான் அந்தப் பக்கம் போயி ஒரு பீடி குடிச்சிட்டு வாரேன்," என்றான். அந்தப் பீடி வெகுநேரம் எரிந்தது. அண்டா, குடம், கஞ்சிப் பானை, மாட்டுத் தொட்டி வரைக்கும் நிறைந்தது. மூன்றாம் தண்ணீருக்கு என்று ஒரு தவலையைத் தனியாக மூடி வைத்தாள். பிறகுதான் அவன் தெருவோரம் பள்ளம் பறித்து, குழாயைக் கழற்றி, முனையில் மூடி போட்டு முறுக்கினான். முறுக்கும்போது வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை.

முற்றத்துக் குழாயில் கடைசியாக ஒரு சத்தம் வந்து நின்றது. நாகராசு அதைக் கொட்டகையிலிருந்து கேட்டான்.

"ஒன் காது தோட்டை வித்து வாங்குனது," என்றான் அவள் உள்ளே வந்தபோது. "பிள்ளை பொழைச்சா நீ செஞ்சதால பொழைச்சா. போயிட்டா நான் குடுத்ததால போனா. எப்படிப் பார்த்தாலும் கொலைகாரன் நான்தான், இல்லையா?"

அவள் நோட்டுகளை மஞ்சள் துணியில் வைத்துத் தன் முடிச்சைப் போட்டு, சாமி மூலையில் செம்புக்கு அடியில் வைத்தாள். பிறகு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, ராசாத்தி கையிலிருந்த வேப்பங்கொத்தை வாங்கிக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அழகிக்கு வேர்த்தது. முதலில் மேலுதட்டில், பிறகு கழுத்தில், பிறகு முதுகுத் துணி நனைகிற அளவுக்கு. மூச்சு நிதானப்பட்டது. காய்ச்சல் தானாகவே இறங்குகிற வேளையாக அது இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்று நான் இங்கே எழுதலாம், கண்ணாத்தாளிடம் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிச்சல் கிடையாது.

ராசாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். கண்ணாத்தாள் கொட்டகைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்கிட்டு வாங்க. பிள்ளைக்கு வேர்க்குது."

நாகராசு வாசற்படி வரைக்கும் வந்தான். அதற்கு மேல் வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"நீ குடந் தூக்கக்கூடாதேன்னுதான்..." என்றான்.

"தெரியும்."

"அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தா என்னைய மன்னிச்சிருப்பியா?"

கண்ணாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"மாட்டேன்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அது அவனுக்கும் தெரிந்ததுதான். முற்றத்தில் நிறைந்து நின்ற பாத்திரங்களில் ஒரு காகம் வந்து குடித்துவிட்டுப் போனது.

"இந்தத் தண்ணி எத்தனை நாளைக்கு வரும்?" என்றாள் அவள். "மூணாந் தண்ணி ஊத்துனதுக்குப் பெறகு கிணத்துக்கு யாரு போறது?"

"நான் போறேன்."

"பொம்பளைக வரிசையில, ஆம்பளை, குடத்தைத் தூக்கிக்கிட்டு? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். மூட்டை தூக்குற தோளுதானே."

கண்ணாத்தாள் எழுந்து வந்தாள். பின்னால் கட்டியிருந்த அவன் கையைப் பிரித்துப் பிடித்தாள். அவன் இழுத்துக்கொள்ளப் பார்த்தான், அவள் விடவில்லை. பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் கையைக் கொண்டுபோய் அழகியின் நெற்றியில் வைத்தாள். மூட்டைக் கயிறு அறுத்து அறுத்துக் காய்த்துப்போன கை. அழகி கண்ணைத் திறக்கவில்லை.

"அப்பாவா?"

"ஆமாத்தா."

"எடுக்காதப்பா."

நாகராசு எடுக்கவில்லை. தோள் குலுங்கக் குலுங்க அழுதான், கையை மட்டும் அசைக்கவில்லை.